கார்டு டியூட்டி

மூன்றேகாலுக்கு பிலோமினா சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, சார்ட் பேப்பரை விரித்து, மின்விசிறிக் காற்றில் சுருண்டு எழும்பாமல் இருக்க நாலு மூலையிலும் உப்பு ஜாடி, ஊறுகாய் பாட்டில், கண்ணாடிக் கூடு, வீட்டுக்காரரின் சர்க்கரை மாத்திரை டப்பா என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் வைத்தாள். இருபது வருஷமாகப் பெண்பிள்ளைகளுக்குப் புவியியல் சொல்லித் தருகிறவள். இந்தியாவைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவாள், குஜராத்தின் மூக்கு உட்பட. திருச்சியைப் போடுவதற்கு என்ன வந்தது? மேலே கொள்ளிடம், கீழே காவிரி, நடுவில் ஸ்ரீரங்கமும் திருவானைக்கோவிலும், ஆற்றுக்குத் தெற்கே மிச்ச ஊர் முழுக்க. இரண்டு ஆற்றையும் நீலத்தில் இழுத்தாயிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஐம்பது முடிகிறது. கேக் வெட்டுவதை யார் வேண்டுமானாலும் செய்வார்கள் டீச்சர், நாம சைக்கிள் விடுவோம் என்று ஆரம்பித்து வைத்தவன் நவநீதன். உறையூரில் எலக்ட்ரிக் சாமான் கடை வைத்திருக்கிறான். காலைச் சைக்கிள் குழுவுக்குத் தலைவன், செயலாளர், எடுபிடி எல்லாம் அவனே. ரேஸ் என்றால் பெரிய ரேஸ் ஒன்றும் இல்லை. கோப்பை கிடையாது, நம்பர் பனியன் கிடையாது, போலீஸ்காரர் சாலையை மறித்து நிற்கப் போவதில்லை. ஊருக்குள் ஐந்து இடம். அவள் வயசில் பத்துப் பத்து வருஷத்துக்கு ஒன்று. எந்தச் சந்தில் புகுந்து எப்படிப் போனாலும் சரி, ஒவ்வொரு இடத்திலும் புறங்கையில் ஒரு முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும், முத்திரையெல்லாம் அவள் பள்ளிக்கூடத்து ரப்பர் முத்திரைகள், ‘நன்று’, ‘மிக நன்று’, ‘திருத்தி எழுதுக’. ஐந்தும் வாங்கி முதலில் வருகிறவருக்கு முதல் ஈடு வடை. அவ்வளவுதான். முதல் பத்துக்குப் பாலக்கரையில் பிறந்த வீடு, இப்போது அங்கே செல்போன் கடை. இரண்டாவதுக்கு மேலப்புதூர் பள்ளிக்கூடம். மூன்றாவதுக்குக் கல்யாணம் ஆன கோயில். நாலாவதுக்கு உறையூர், முதல் வேலை பார்த்த இடம். நாலு இடத்திலும் சிவப்புப் பொட்டு வைத்துவிட்டாள். ஐந்தாவதுக்குத்தான் பென்சில் காவிரிப் பாலத்தைத் தாண்டி மாம்பழச் சாலையில் ஏறி, அங்கேயே நின்றுகொண்டிருந்தது.

ஐந்தாவது எதுவென்று சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும். திருவானைக்கோவில் காபிக் கடை. ஆறு வருஷமாக ஞாயிறு தவறாமல் குழு கூடுகிற இடம் அது. நாற்பத்து நாலு வயசில், முழங்காலுக்கு நல்லது என்று டாக்டர் சொன்னதைச் சாக்காக வைத்து சைக்கிள் பழகி, எட்டு ஆம்பிளைகளுக்கு நடுவில் ஒரே பொம்பிளையாகச் சுடிதார் மாட்டிக்கொண்டு போய் நின்ற முதல் நாள், அந்தக் கடைக்காரர் யாரையும் கேட்காமல் அவளுக்கு மட்டும் டம்ளரை இன்னொரு தரம் கழுவிக் கொடுத்தார். நாற்பதுக்கு மேல் அவளுக்கு வாய்த்த சந்தோஷத்தில் பாதி அந்தக் கடை வாசலில்தான். ஆனால் அந்த வாசலில் நின்று கிழக்கே பார்த்தால் கல்லணை ரோடு. படத்தில் அது ஒரு இஞ்ச்கூட வராது. போட வேண்டிய அவசியமும் இல்லை. போடாவிட்டால் மட்டும்? பேப்பரில் இல்லாத ரோடு ஊரில் இல்லாமல் போய்விடுமா? கல்லணையில் போய் முடிப்போமே டீச்சர், அணைக்கட்டில் உட்கார்ந்து வடை சாப்பிட்டா எப்படி இருக்கும் என்று நவநீதன் கேட்டபோது, ஊருக்குள்ளதான் நடக்கணும், இது என் ஊர், என் பிறந்தநாள் என்று அவள் கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டாள். ஊர்மேல் டீச்சருக்கு எவ்வளவு பாசம் பாரு என்று எல்லாரும் மெச்சிக்கொண்டார்கள். பாசமாவது மண்ணாவது. பயம். சுத்தமான பயம்.

அப்போதுதான் நவநீதன் போன் பண்ணினான். கடையில் யாரோ குழல் விளக்கைச் சோதித்துக்கொண்டிருந்த சத்தம் பின்னால் கேட்டது. “டீச்சர், நல்ல சேதி. சகுந்தலாக்கா ஒத்துக்கிட்டாங்க. ரேஸை அவங்கதான் ஆரம்பிச்சு வைக்கப் போறாங்க.” சகுந்தலாக்கா மறைந்த கோதண்டபாணி சாரின் மனைவி. சந்தோஷம் தம்பி என்று இவள் வாய் சொன்னது. “இன்னொண்ணு. அவங்களே இன்னைக்கு அஞ்சு மணிக்கு உங்க வீட்டுக்கு வர்றாங்க. சாரோட விசிலை உங்க கையில குடுக்கணுமாம். அவரு கடைசியாப் பேசுனது உங்ககிட்டதானே, அதனால ரேஸுக்கு நீங்கதான் கார்டா வரணும்னு சொல்லிட்டாங்க. பிறந்தநாள்காரவங்களைக் கடைசியில வரச் சொல்றது எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு. ஆனா அக்கா ஆசைப்படறாங்க. நீங்க மறுக்க மாட்டீங்கன்னு சொல்லிட்டேன்.” மறுக்க மாட்டேன் என்று நீ எப்படிடா சொல்லலாம் என்று கேட்கத்தான் நினைத்தாள். “அதுக்கென்ன, வரட்டும்” என்றாள். போனை வைத்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று முப்பத்தைந்து. பென்சில் முனை உடைந்திருந்தது. எப்போது உடைந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கார்டு என்றால் ரயில் கார்டு. கோதண்டபாணி சார் பொன்மலையில் குடியிருந்து, முப்பத்து நாலு வருஷம் ரயிலின் கடைசிப் பெட்டியில் கொடியும் விசிலுமாக உட்கார்ந்து வந்து ஓய்வு பெற்றவர். குழுவில் சேர்ந்த இரண்டாம் வாரமே, நீங்கள்லாம் என்னய்யா சைக்கிள் ஓட்டுறீங்க, முன்னால போறவன் பறக்குறான், பின்னால வர்றவன் செத்தானா பிழைச்சானான்னு யாருக்கும் தெரியலை என்று சத்தம் போட்டு, அன்றைக்கே சட்டம் போட்டுவிட்டார். வாரத்துக்கு ஒருத்தர் கார்டு. கார்டு எல்லாருக்கும் பின்னால்தான் வரவேண்டும். யாரையும் தாண்டக் கூடாது. எவனாவது நின்றால் கார்டும் நிற்க வேண்டும், பஞ்சர் என்றாலும் சரி, மூச்சு வாங்கினாலும் சரி, சும்மா குருவி பார்த்துக்கொண்டு நின்றாலும் சரி. கார்டு வந்து சேர்ந்தால் வண்டி முழுசாக வந்து சேர்ந்தது என்று அர்த்தம், அதற்கப்புறம் தலையை எண்ண வேண்டியதில்லை. முதலில் எல்லாரும் கிண்டல் பண்ணினார்கள். பிறகு பழகிவிட்டது. பழகினதும் எவ்வளவு நிம்மதியாக இருந்தது! மெதுவாக மிதிக்கிறவள் இவள்தான். இவளுக்குப் பின்னால் எப்போதும் ஒரு சைக்கிள் கரகரவென்று வந்துகொண்டிருக்கும், திரும்பிப் பார்க்கவே வேண்டாம். ஒரு தடவை உத்தமர்சீலியில் இவள் செருப்பு வார் அறுந்து நின்றபோது, அன்றைக்குக் கார்டாக இருந்தது அவரேதான், சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். சார், நீங்க போங்க, நான் வந்துடுவேன் என்றதற்கு, டீச்சரம்மா, கார்டைப் போகச் சொல்ல எஞ்சின் டிரைவருக்கே அதிகாரம் கிடையாது என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

மார்கழி மூன்றாவது ஞாயிறு. அன்றைக்கு இவள் டியூட்டி. பனி என்றால் அப்படிப் பனி. காபிக் கடை வாசலில் இவள் வேண்டாம் வேண்டாம் என்றுதான் சொன்னாள். ரோட்டில் போகிற பொம்பிளைக்குக் காபி ஒரு சத்துரு என்பது எட்டு ஆம்பிளைக்கும் தெரியாது. அவர்களுக்கென்ன, புளியமரத்தைப் பார்த்தால் ஓரங்கட்டுவார்கள், முதுகைத் திருப்புவார்கள், முடிந்தது கதை. இவள் சனிக்கிழமை ராத்திரியிலிருந்தே தண்ணீரை அளந்து குடிப்பாள். ஆறு வருஷமாக ஒருத்தருக்கும் தெரியாது அந்தக் கணக்கு. அன்றைக்குக் கோதண்டபாணி சார்தான், பனியில வந்திருக்கீங்க, குடிங்க டீச்சரம்மா என்று டம்ளரைக் கையில் திணித்தார். மரியாதைக்குக் குடித்தாள். பனி ஒரு பக்கம், ஐம்பதை நெருங்குகிற உடம்பு ஒரு பக்கம். திருவளர்சோலை தாண்டும்போதே அவசரம் வந்துவிட்டது. அடக்கினாள். பனையபுரம். அடக்கினாள். கல்லணையில் கழிப்பறை இருக்கிறது, போய்விடலாம், போய்விடலாம் என்று ஒவ்வொரு மிதிக்கும் சொல்லிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்போதுதான் வாய்க்கால் மதகுக்குப் பக்கத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். சைக்கிள் மதகுக் கட்டையில் சாய்ந்திருந்தது. ஒரு கை சீட்டின்மேல். குனிந்திருந்தார். செயினைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பார், செயின் கழன்றால் அப்படித்தான் குனிவார்கள். குனிந்துதான் இருந்தார். இவள் பிரேக்கில் கை வைத்தாள். வைத்தது சத்தியம். வைத்த கையை எடுத்ததும் சத்தியம். இறங்கி நின்றால் ஆகிவிடும், அந்த மனுஷன் முன்னால், நடுரோட்டில், ஐம்பது வயசு டீச்சர். சுடிதார் நனைந்து, அந்தக் கோலத்தில் எட்டு பேர் முகத்தில் எப்படி முழிப்பது? நிற்கவில்லை. மிதித்தாள். தாண்டிப் போனாள். தலை நிமிர்ந்ததா? இல்லை. குனிந்துதான். குனிந்துதான் இருந்தார்.

“பிலோ, காபி போடறியா?” என்று உள்ளறையிலிருந்து ஆரோக்கியராஜ் கேட்டார். மத்தியானத் தூக்கம் முடிந்து எழுந்தால் அவருக்குக் குரல் முதலில் வரும், ஆள் பத்து நிமிஷம் கழித்து. இவள் எழுந்து பாலை வைத்தாள். பால் பொங்குகிற வரைக்கும் அடுப்பையே பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்குப் பிடிக்கும், அந்த ஒரு நேரம் மனசு எங்கேயும் போகாது. இன்றைக்குப் போனது. கல்லணையில் அந்தக் கழிப்பறைக் கதவைத் தாழ் போட்டபோது வந்த நிம்மதி இருக்கிறதே, அட ஆண்டவரே, அதை நினைத்தால்தான் தாங்கவில்லை. அப்பாடா என்று வாய்விட்டுச் சொன்னாள். முகம் கழுவினாள், துப்பட்டாவைச் சரிசெய்தாள், குழாய்த் தண்ணீர் சில்லென்று இருந்தது நன்றாக இருந்தது என்றுகூட நினைத்தாள். அந்த நேரத்தில் அங்கே மதகில். வேண்டாம். வெளியே வந்தபோது எல்லாரும் இட்லிக் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கார்டு வந்தாச்சு, அப்ப வண்டி வந்தாச்சு, இலையைப் போடுங்க என்று நவநீதன் குரல் கொடுத்தான். யாரும் எண்ணவில்லை. எதற்கு எண்ண வேண்டும்? இரண்டு இட்லி இறங்கின பிறகுதான் ஒருத்தர், சாரைக் காணோமே என்றார். ஒன்பது முகமும் இவளைத் திரும்பிப் பார்த்தன. ஒன்பதா, ஏழு பேர்தானே இருந்திருப்பார்கள். கடைக்காரரையும் சேர்த்தால் எட்டு. என்னவோ, அத்தனை முகமும். செயினைச் சரிபண்ணிட்டு வர்றேன், நீங்க போங்க டீச்சரம்மான்னு சொன்னாரு என்றாள். எங்கிருந்து வந்தது அந்த வாக்கியம்? யோசிக்கவே இல்லை. பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை, நோட்டை வீட்டில வச்சிட்டேன் மிஸ் என்பது மாதிரி வந்து விழுந்தது. அப்ப சரி, வந்துடுவாரு என்று இன்னொரு தட்டு வடை சொன்னார்கள்.

“பால் பொங்குது பாரு” என்றார் ஆரோக்கியராஜ், பின்னால் வந்து நின்றுகொண்டு. அணைத்தாள். பாதிப் பால் அடுப்பில். “என்னடி ஆச்சு உனக்கு? ரெண்டு நாளா ஒரு மாதிரியா இருக்க. ஐம்பது ஆகுதேன்னு கவலையா? எனக்கு ஐம்பத்தாறு, நான் உயிரோட இல்ல?” அவர் சிரித்தார். நல்ல மனுஷன். இந்த மனுஷனிடம்கூட சொல்லவில்லை. ஏங்க, ஒரு விஷயம் என்று எத்தனை தடவை ஆரம்பித்தாள்? ஒவ்வொரு தடவையும் அரிசி தீர்ந்துபோச்சு, மின்சாரக்காரன் வந்தான் என்று முடித்தாள். தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோதுகூட, பொய் சொன்னேன் சாமி என்று மட்டும் சொன்னாள். என்ன பொய், யாரிடம் என்று கேட்பார் என்று காத்திருந்தாள். சாமியார் கேட்கவில்லை, வரிசை நீளமாக இருந்தது. மூன்று ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம் சொல்லச் சொன்னார். மூன்று! கோயில் வாசலில் நின்று முப்பது சொன்னாள். “சகுந்தலாக்கா அஞ்சு மணிக்கு வர்றாங்க” என்றாள். “யாரு, பாணி சார் வீட்டம்மாவா? நல்லா வரட்டும். பாவம், உன்னைப் பாத்தா அவங்களுக்கு ஒரு ஆறுதல்” என்று சொல்லிவிட்டு அவர் டம்ளரோடு வாசல் பக்கம் போனார். மணி நாலே கால்.

ஆறுதல். அதுதானே சனியன். பொய்யென்றால் சொன்னதோடு செத்துப்போக வேண்டும், இது வளர்ந்துகொண்டே போகிறது. பால் வண்டிக்காரர் ஒருத்தர்தான் அவரைப் பார்த்து, தூக்கிப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். வழியிலேயே உயிர் போய்விட்டது. பத்து நிமிஷம் முன்னால் வந்திருந்தால் ஏதாவது பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். டாக்டர்கள் எல்லாரிடமும் சொல்கிற வார்த்தையா அது, அல்லது நிஜமாகவே பத்து நிமிஷமா? கழிப்பறையில் நாலு நிமிஷம், இட்லிக்கு ஆறு, வடைக்கு. கூட்டிக் கூட்டிப் பார்த்து அலுத்துவிட்டது, எப்படிக் கூட்டினாலும் பத்துக்கு மேல்தான் வருகிறது. சாவு வீட்டில் சகுந்தலாக்கா இவள் கையைப் பிடித்துக்கொண்டு, உன்கிட்ட என்ன பிலோ சொன்னாரு, அப்படியே சொல்லு, அவரு சொன்ன மாதிரியே சொல்லு என்று கேட்டாள். சொன்னாள். வேறென்ன செய்ய? அந்த அம்மா அதைக் கேட்டு அழுதுகொண்டே சிரித்தாள். பாத்தியா, நெஞ்சு வலிக்கிறப்பகூட இந்தப் பொண்ணைப் பத்திரமா அனுப்பி வச்சிருக்காரு, வலிக்குதுன்னு சொன்னா பயந்துடுவான்னு செயினுன்னு சொல்லியிருக்காரு என்றாள். செயினையும் அவளே விளக்கிவிட்டாள். பதினாறாம் நாள் வந்த அத்தனை சனத்திடமும் சொன்னாள். மகன் பெங்களூரிலிருந்து வந்தபோது இவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து மறுபடி சொல்லச் சொன்னாள். ஆச்சரியம் என்னவென்றால், ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் இவள் காதில் அவர் குரலே கேட்க ஆரம்பித்துவிட்டது, அந்த இழுவை, ‘டீச்சரம்மா’வில் வருகிற அந்தச் சின்ன அழுத்தம். சில ராத்திரியில் இவளே நம்பிவிடுவாள். சொல்லத்தான் செய்தார், நான்தான் மறந்துவிட்டேன். பிறகு நவநீதன் ஒரு நாள், சைக்கிளைச் சார் வீட்டில் கொண்டுபோய் விட்டது அவன்தான், செயின் நல்லாத்தானே இருந்துச்சு டீச்சர், எண்ணெய்கூடப் புதுசாப் போட்டிருந்தாரு என்றான். வெறுமனே சொன்னான், அவனிடம் கள்ளம் கிடையாது. நெஞ்சு வலியை மறைக்கத்தான் அப்படிச் சொல்லியிருப்பாரு தம்பி என்று சகுந்தலாக்கா சொன்னதையே எடுத்து அவனுக்குச் சொன்னாள். என்ன சாமர்த்தியம்! இன்னொருத்தியின் துக்கத்தையே எடுத்துத் தன் பொய்க்கு முட்டுக் கொடுத்தாயிற்று.

மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள். வருகிறவர்கள் பெயர்களை ஓரத்தில் எழுத வேண்டும். நவநீதன், அவன் தங்கச்சி, ஹமீது பாய், பள்ளிக்கூடத்திலிருந்து பி.டி. மிஸ், பதினாலு பெயர் வந்தது. கடைசியில் கார்டு என்று எழுதிப் பக்கத்தில் இடம் விட்டாள். எட்டு வயசில் பாலக்கரையில் ஒரு பண்டிகைக்கு மெழுகுவத்தி ஊர்வலம், இவளுக்குப் பின்னால் யாரும் இல்லை என்று திரும்பித் திரும்பிப் பார்த்து அழுதது இப்போது எதற்கு ஞாபகம் வருகிறது? கடைசியில் போவது அவ்வளவு பயம் அவளுக்கு. அந்தப் பயத்தைப் போக்கினவரே. சரி, இன்றைக்கு என்ன சொல்வது? அக்கா, எனக்கு முட்டி வலி, நான் ரேஸில் ஓட்டப் போவதில்லை, நின்று முத்திரை குத்தப் போகிறேன் என்று சொல்லலாம். விசிலை நவநீதனிடம் கொடுங்க. அந்த அம்மா விடமாட்டாள், உன் கையிலதான் என்பாள். வாங்கிக்கொண்டு பீரோவில் வைத்துவிடலாம். வைத்து? ஒவ்வொரு தடவை புடவை எடுக்கும்போதும் அது அங்கே கிடக்கும். சொல்லிவிடலாம். சொன்னால்? ஏன் நிற்கலை என்று கேட்பாள். அவசரமாக இருந்தது அக்கா. என்ன அவசரம்? ஒண்ணுக்கு. மாதாவே, ஒரு மனுஷன் உயிருக்கு முன்னால் வைக்கிற பேச்சா இது? பஸ் மோதிவிட்டது, மயக்கம் வந்துவிட்டது, நாய் துரத்தியது, எதுவாக இருந்தாலும் சொல்லலாம், ஒரு மதிப்பு இருக்கும். இதற்கு என்ன மதிப்பு? முப்பத்து நாலு வருஷம் ஒரு ரயிலை விட்டு இறங்காத மனுஷன், ஒரு டீச்சரின் மூத்திரத்துக்காக மதகில் விழுந்து கிடந்தார். சொல்லாமலே இருந்துவிட்டால் யாருக்கு நஷ்டம்? அக்கா நிம்மதியாக இருக்கிறாள். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நாலு மாசம் ஓட்டிவிட்டாள், நாற்பது வருஷமும் ஓட்டுவாள். அதைப் பிடுங்கி இவள் என்ன செய்யப் போகிறாள், தன் மனசைக் கழுவிக்கொள்வாளா? அது சுயநலமில்லையா? ஆமாம், சொல்லாமல் இருப்பதுதான் தர்மம். அந்தத் தர்மம் இவளுக்கு எவ்வளவு வசதியாக இருக்கிறது பாருங்கள். விசிலை வாங்கி வாயில் வைத்து ஊத வேண்டுமே, அவர் வாய் வைத்த விசில். பதினாலு பேருக்குப் பின்னால், யாரையும் தாண்டாமல், யாராவது நின்றால் நின்று. மாம்பழச் சாலையில் யாருக்காவது மூச்சு வாங்கினால் இவள் நிற்பாள், கட்டாயம் நிற்பாள், எல்லாரும் பார்த்து, அச்சு அசல் சார் மாதிரியே டீச்சர் என்பார்கள். பென்சிலைத் திருவானைக்கோவில் பக்கம் கொண்டுபோனாள். பொட்டு வைக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு கிழக்கே ஓடிவிட்டது. ரப்பரை எடுத்து அழித்தாள். அழித்த இடத்தில் பேப்பர் பஞ்சாக எழும்பிக்கொண்டது. குனிந்துதான் இருந்தார். நிமிர்ந்தது என்றால், நிமிர்ந்தது சைக்கிள் சத்தம் கேட்டு. யார் சத்தம் கேட்டாலும் நிமிரத்தானே செய்வார்கள். நிமிரவில்லை. நிமிர்ந்ததாக நான்தான் நினைத்துக்கொள்கிறேன். பனி. ஒன்றும் தெரியவில்லை அந்தப் பனியில்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. “வாங்கக்கா, வாங்க” என்ற ஆரோக்கியராஜின் குரல். ஐந்துக்கு இன்னும் எட்டு நிமிஷம் இருந்தது. அந்த எட்டு நிமிஷத்தை அவள் எவ்வளவோ நம்பியிருந்தாள். சகுந்தலா உள்ளே வந்து, செருப்பை வாசலில் ஒழுங்காக ஜோடி சேர்த்து விட்டுவிட்டு, மேஜைக்கு எதிரே உட்கார்ந்தாள். மெலிந்திருந்தாள். ஆனால் முகத்தில் ஒரு தெளிவு. படத்தைப் பார்த்து, “ஏ அப்பா, ஊரையே வரைஞ்சுட்டியே பிலோ. இது பாலமா? இது எங்க திருவானைக்கோவிலா?” என்று விரல் வைத்தாள். வைத்தது எங்கே என்றால், அந்தப் பஞ்சாக எழும்பின இடத்தில். ஆரோக்கியராஜ் பேச்சுக் கொடுத்துவிட்டு, கடையில ஏதாச்சும் வாங்கிட்டு வர்றேன் என்று இறங்கிப் போனார். போகாதீங்க என்று கத்தத் தோன்றியது. சகுந்தலா கைப்பையைத் திறந்து, வெள்ளைக் கைக்குட்டையில் சுற்றியதை எடுத்து மேஜையில் வைத்தாள். “நல்லா தேய்ச்சு வச்சிருக்கேன். இந்தா. ஞாயித்துக்கிழமை எல்லார்கிட்டயும் நீயே ஒரு தடவை சொல்லணும். அவரு சொன்னதை. நான் சொன்னா அழுதுடுவேன்” என்றாள். எல்லார்கிட்டயும். பதினாலு பேர்கிட்டயும். காபிக் கடை வாசலில், கல்லணை ரோட்டைப் பார்த்துக்கொண்டு. பிலோமினா கையை நீட்டினாள். நீட்டத்தான் செய்தாள். கை மேஜைக்குப் பாதி வந்து நின்றுவிட்டது.

“அக்கா, அவரு அப்படிச் சொல்லலை.”

யார் பேசுவது என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது. பிறகு நிறுத்த முடியவில்லை. அன்றைக்குக் குடித்த காபி, திருவளர்சோலை, பனையபுரம், பிரேக்கில் கை வைத்தது, எடுத்தது. ஒண்ணுக்கு என்றே சொன்னாள், வேறு வார்த்தை தேடவில்லை. இட்லிக் கடையில் கேட்டபோது வாயில் வந்ததைச் சொன்னேன் அக்கா, அவர் பேசவே இல்லை, நான்தான் பேச வைத்தேன் என்றாள். அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. சகுந்தலா கேட்டுக்கொண்டே இருந்தாள். கைக்குட்டையின் ஒரு நுனியை மடித்தாள், விரித்தாள், மறுபடி மடித்தாள்.

“அப்ப செயினு?”

“இல்லக்கா.”

“டீச்சரம்மான்னு கூப்பிடலை?”

“இல்லக்கா. ஒண்ணும் சொல்லலை.”

சகுந்தலா படத்தைப் பார்த்தாள். ஆறு, பாலம், சிவப்புப் பொட்டுகள். “உன்னைப் பார்த்தாரா?”

இல்லை என்று சொல்லலாம். குனிந்திருந்தார் அக்கா, பனி, ஒன்றும் தெரியவில்லை. நாலு மாசமாக நாளுக்கு நூறு தடவை சொல்லிப் பழகின வார்த்தைதான், நாக்கு நுனியில் இருந்தது, சொன்னால் அந்த அம்மாவுக்கும் கொஞ்சம் லேசாக இருக்கும். பிலோமினா வாயைத் திறந்தாள்.

“பார்த்தாரு. தலையை நிமிர்த்திப் பார்த்தாரு.”

“ஏதாவது கையைக் காட்டினாரா? கூப்பிட்டாரா?”

“கூப்பிடலைக்கா. கூப்பிட்டிருந்தா நின்னிருப்பேன். சத்தியமா நின்னிருப்பேன்.”

சகுந்தலா விசிலைக் கைக்குட்டைக்குள் வைத்து மறுபடி சுற்றினாள். பைக்குள் போட்டாள். எழுந்து வாசல்வரை போனாள், ஒரு செருப்பை மாட்டினாள், இன்னொன்றை மாட்டாமல் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“கூப்பிட மாட்டாரு பிலோ” என்றாள், திரும்பாமலே. “வர்றது கார்டுன்னு அவருக்குத் தெரியுமே. எதுக்குக் கூப்பிடப் போறாரு?”